ஆயிரம் படத்துக்கு ஒரே அளவா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு நல்ல வெளிச்சம் வாய்ப்பது அரிது. முந்தின நாள் மாலை வரவேற்பு. மறுநாள் விடிந்தும் விடியாமலும் முகூர்த்தம். மண்டபத்தில் ட்யூப் லைட், மேடையில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி, வீடியோக்காரர் தூக்கிப் பிடிக்கும் வெள்ளை விளக்கு, ஓமகுண்டத்து நெருப்பு, அதன் புகை என்று எல்லாம் ஒரே பிரேமுக்குள் வந்து விழும். ஐஎஸ்ஓவை 3200-க்கும் 6400-க்கும் ஏற்றாமல் வேலை நடக்காது. முடித்துவிட்டு கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் மூவாயிரம் ரா கோப்புகள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு கோப்பு 25 முதல் 30 எம்பி. மொத்தம் 75 முதல் 90 ஜிபி. பாதிக்கு மேல் நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ்.

இதை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்ய யாருக்கும் நேரமில்லை. அதனால் ஒரு படத்தில் ஸ்லைடரை நகர்த்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, சிங்க் பொத்தானை அழுத்துவதுதான் நடைமுறை. இந்த ஒரு அழுத்தலில்தான் பெரும்பாலான சேதம் நிகழ்கிறது. மென்பொருளில் குறை இல்லை. மூவாயிரம் படங்களையும் ஒரே நோய் கண்டவை என்று எண்ணிவிடுகிறோம், அதுதான் குறை. கல்யாண மண்டபம், கரைவெட்டி ஏரி, கங்கைகொண்ட சோழபுரத்துக் கல், காரையின் புதைபடிவம் ஆகிய நான்கும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே கிடைக்கின்றன. நான்குக்கும் மருந்து ஒன்றல்ல.

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதில் தெளிவு வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றுவதால் வருகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் வெளிச்சம் போதாததால் வருகிறது. ஒளி துகள் துகளாகச் சென்சாரில் விழுகிறது, சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள் விழுமானால் ஏற்ற இறக்கம் 100 இருக்கும். அது நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு, படம் முழுக்கப் பொரிந்து தெரியும். இதோடு சென்சாரிலிருந்து சிக்னலைப் படிக்கும் மின்சுற்றின் நாய்ஸும் சேர்கிறது. ஐஎஸ்ஓ என்பது கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே.

மொத்தமாகச் சுத்தம் செய்யும் பேட்ச் வேலைக்கு இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. ஐஎஸ்ஓ 1600-ல் எடுத்து இருட்டிப்போன படத்தை மென்பொருளில் இரண்டு ஸ்டாப் தூக்கினால், அதன் நாய்ஸ் ஏறக்குறைய 6400-ல் சரியாக எடுத்த படத்தின் நாய்ஸுக்குச் சமம். ஆகவே ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் பார்த்துப் படங்களைக் கூறு பிரிப்பது பாதி வேலைதான். முதலில் எக்ஸ்போஷரைச் சரிசெய்து, எத்தனை ஸ்டாப் தூக்கினோம் என்பதையும் ஐஎஸ்ஓவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதை விட்டுவிட்டு ஐஎஸ்ஓ வாரியாக பிரீசெட் போட்டால், இருட்டாக எடுத்த படங்கள் எல்லாம் அழுக்காகவே ஆல்பத்துக்குப் போய்ச் சேரும்.

நிறத்தின் கதை தனி. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. நாலு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். குத்துவிளக்கு, ஓமத் தீ, மஞ்சள் பல்பு இவற்றின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யும்போது மென்பொருள் அந்த மெலிந்த நீலத்தை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்குகிறது. அதிலுள்ள நாய்ஸும் கூடவே பெருகுகிறது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை நிழலிலும், மணப்பெண்ணின் கருங்கூந்தலிலும் திட்டுத் திட்டாக ஊதாவும் பச்சையும் தெரிவது இதனால்தான். இந்த நிற நாய்ஸை நீக்குவது எளிது, பாதிப்பும் குறைவு. நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகத் தேடுவதில்லை. லைட்ரூமில் ரா கோப்பைத் திறந்ததுமே நிற நாய்ஸ் நீக்கம் 25-ல் நிற்பதும், ஒளி நாய்ஸ் நீக்கம் 0-வில் நிற்பதும் அந்தக் காரணத்தால்தான். ஒளி நாய்ஸை நீக்கும் ஸ்லைடரில்தான் கை கவனமாக இருக்க வேண்டும்.

நாய்ஸ் என்று தவறாகப் பெயர் வாங்கிக்கொண்டவையும் உண்டு. படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக ஓடும் இருட்டு நாய்ஸ் அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் பட்டை விழும். இதை எந்த நாய்ஸ் நீக்கியும் சரிசெய்யாது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குவதுதான் வழி. அடுத்தது வெயில். சென்சார் சூடானால் நாய்ஸ் கூடும் என்பது உண்மையே. ஆறு முதல் எட்டு டிகிரிக்கு ஒருமுறை அந்த வகை நாய்ஸுக்குக் காரணமான கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆனால் அது நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்கும் நட்சத்திரப் படங்களுக்குப் பொருந்தும். 1/100 நொடியில் எடுக்கும் கல்யாணப் படத்துக்குப் பெரம்பலூர் வெயிலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

நாய்ஸ் நீக்கும் கணித முறைகளின் வளர்ச்சி சுவையான வரலாறு. அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி போடுவதே பழைய வழி. அதில் விளிம்புகள் மங்கிவிடும். டொமாசியும் மண்டூச்சியும் 1998-ல் முன்வைத்த இருதரப்பு வடிகட்டி, நிறத்தில் நெருங்கிய பிக்சல்களை மட்டும் சேர்த்துச் சராசரி போட்டு விளிம்பைக் காப்பாற்றியது. 2005-ல் புவாதெஸ், கோல், மோரெல் மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள்: பக்கத்தில் இருப்பதைத் தேடாமல், ஒத்திருப்பதைப் படம் முழுக்கத் தேடு என்றார்கள். சேலைக் கரையின் ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தைப் போலவே இருக்கிறதென்றால் இரண்டையும் சேர்த்துச் சராசரி போடலாம். 2007-ல் வந்த பிஎம்3டி இந்த எண்ணத்தின் உச்சம். பல ஆண்டுகளுக்கு அதுவே அளவுகோலாக இருந்தது. பிறகு நியூரல் நெட்வொர்க்குகள் வந்தன. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய அவை, புள்ளிகளுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகின்றன. பழைய முறைகள் தவறும்போது படம் மங்கும். புதிய முறைகள் தவறும்போது இல்லாத ஒன்று தெளிவாகத் தெரியும். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வித்தியாசம் நினைவில் இருக்க வேண்டும்.

கடைக்கு வந்த சரக்குகளைப் பார்ப்போம். டிஎக்ஸ்ஓ நிறுவனம் 2013-ல் பிரைம் என்ற முறையையும், 2020-ல் நியூரல் நெட்வொர்க்கில் இயங்கும் டீப்பிரைமையும் கொண்டுவந்தது; மறு ஆண்டே ரா கோப்புகளை மொத்தமாகச் சுத்தம் செய்து லைட்ரூமுக்குத் தருவதற்கென்றே ப்யூர்ரா வந்தது. டோப்பாஸ் நிறுவனத்தின் டீநாய்ஸ் ஏஐ 2019. லைட்ரூமின் சொந்த ஏஐ டீநாய்ஸ் 2023 ஏப்ரலில். வந்தபோது ரா கோப்புக்கு மட்டுமே வேலை செய்தது. இது தற்செயலல்ல. ராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 14 பிட், அதாவது 16,384 படிகள். ஜேபெக்கில் 256 படிகள்தான். தவிர ஜேபெக் எழுதும்போதே கேமரா ஒருமுறை நாய்ஸை நீக்கி, கூர்மை ஏற்றிவிடுகிறது. அதன்பின் நாய்ஸின் இயல்பான உருவம் கலைந்துபோகிறது. இடம் அடைக்கும் என்று ரா எடுக்காமல் விடுகிற நண்பர்கள் முகூர்த்த நேரத்துக்காவது ராவுக்கு மாறலாம்.

காசில்லாத வழியும் இருக்கிறது. அதைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் திறந்தமூல மென்பொருள்கள்; இலவசம். டார்க்டேபிளில் பல கேமரா மாடல்களுக்கு, ஐஎஸ்ஓ வாரியாக நாய்ஸை அளந்து வைத்த அட்டவணை இருக்கிறது. அதன் நாய்ஸ் நீக்கியை இயக்கியதும் எந்தக் கேமரா, எந்த ஐஎஸ்ஓ என்று அதுவே பார்த்து, அதற்குரிய அளவைப் போட்டுக்கொள்கிறது. ராதெரபியில் ‘இந்தக் கேமரா, இந்த ஐஎஸ்ஓவுக்கு மேல் என்றால் இந்தப் பிரீசெட்’ என்று விதி எழுதி வைக்கலாம். லைட்ரூமிலும் இரண்டு ஐஎஸ்ஓக்களுக்கு அளவு கொடுத்து, இடைப்பட்டவற்றை அதுவே கணித்துக்கொள்ளும்படி பிரீசெட் செய்யலாம். மூவாயிரம் படத்துக்கு ஒரே எண் கொடுக்கும் பழக்கத்தை விடுவதற்கு இந்த ஒரு வசதியே போதும்.

இனி கல்யாணப் பட்டுச்சேலைக்கு வருகிறேன். தாலி கட்டும் நொடி, ஐஎஸ்ஓ 6400. திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மணப்பெண்ணின் தோளைப் பாருங்கள். அரக்குப் பட்டில் ஜரிகைப் புட்டா. ஒவ்வொரு புட்டாவும் இருபது முப்பது பிக்சல் அகலம். ஒளி நாய்ஸ் ஸ்லைடரை 20-க்கு நகர்த்தினால் பட்டின் பொரிச்சல் அடங்குகிறது. ஜரிகை இழை இன்னும் இழையாகத் தெரிகிறது. 40-ல் புட்டாவின் உள்வேலை கரைந்து மஞ்சள் பொட்டாகிறது. 60-ல் கழுத்து மெழுகு பூசியது போல ஆகிறது, நெற்றியோரத்துப் பூனைமுடி காணாமல் போகிறது, மல்லிகைச் சரம் வெள்ளைத் துணிபோல் நிற்கிறது. அதே 60, பின்னணியில் இருக்கும் மண்டபச் சுவருக்குக் கச்சிதம். இங்கே ஏஐ நீக்கிகள் உண்மையிலேயே பெரிய உதவி. தோலையும் சேலையையும் அவை பிரித்து நடத்துகின்றன. ஆனாலும் லைட்ரூம் தரும் 50 என்ற தொடக்க அளவை அப்படியே ஏற்க வேண்டாம். 30, 35 போதும். கொஞ்சம் பொரிச்சல் மிஞ்சியிருந்தால்தான் முகம் முகமாக இருக்கும்.

ஆல்பம் போடும்போது கண்ணில் படுவது வேறு. 12-க்கு 36 அங்குல விரிப்பில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தால், 300 டிபிஐயில் 5400-க்கு 3600 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கோப்பின் ஏறக்குறைய முழு நுணுக்கமும் அச்சில் வந்துவிடும். அந்த இருபது முப்பது படங்களுக்கு நேரம் செலவிடுங்கள். அதே படத்தை 1500 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, பதினாறு பிக்சல் ஒன்றாகிறது. நாய்ஸ் தானாகவே கால் பங்காகிவிடுகிறது. அதற்கு ஏஐ தேவையே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டால் கம்ப்யூட்டரின் சுமையும் குறையும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரத்தில் ஏஐ நீக்கம் படத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும், ஆயிரம் படத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு இரவு முழுக்க ஓடும். முதலில் கழித்துக்கட்டி, எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் சரிசெய்து, அச்சுக்குப் போகிறவற்றை மட்டும் பிரித்து அவற்றுக்கு ஏஐ. மற்றவற்றுக்கு ஐஎஸ்ஓவுக்கேற்ற சாதாரண பிரீசெட். டச்சப், மாஸ்க் வேலைகளை நாய்ஸ் நீக்கிய பிறகே தொடங்க வேண்டும்; இல்லையென்றால் இரண்டாம் முறை செய்ய நேரும்.

கரைவெட்டியில் நிலைமை வேறு. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரால் நிறையும் இந்த ஏரி, 453.7 ஹெக்டேர் பரப்பு. 2024 ஜனவரியில் ராம்சர் தலங்களின் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. அவை கூட்டமாக எழும்புவது அதிகாலையில். சிறகசைவை நிறுத்த 1/2000 நொடி வேண்டும். கைக்கு எட்டும் விலையில் உள்ள 600 மிமீ லென்ஸ்கள் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. வெளிச்சத்தின் மூன்று வாசலும் அடைபட்ட நிலையில் ஐஎஸ்ஓ மட்டுமே மிச்சம். ஒரு காலையில் எடுத்த ஆயிரத்து ஐந்நூறு பிரேமில் தேறுவது அறுபது இருந்தால் பெரிது. ஆகவே இங்கே பேட்ச் என்பது அறுபதுக்குத்தான்.

அந்த அறுபதிலும் வானமும் தண்ணீரும் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம். வானத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பறவைக்குக் குறைவாக. வரித்தலை வாத்தின் தலையில் உள்ள இரண்டு கறுப்புப் பட்டைகளை எந்த மென்பொருளாலும் கெடுத்துவிட முடியாது. ஆனால் சேற்றோரத்தில் மேயும் உள்ளான்களின் முதுகுப் புள்ளிகள் அப்படியல்ல. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்வதே அந்தச் சின்னப் புள்ளிகளும் இறகோரங்களும்தான். நாய்ஸில் பாதி மறைந்த புள்ளியை ஏஐ கோடாக இழுத்துவிட்டால், பறவையின் அடையாளமே மாறிவிடும். கணக்கெடுப்புக்கோ அடையாளப் பதிவுக்கோ தரும் படத்தில் ஏஐ நீக்கம் வேண்டாம், நாய்ஸோடு இருக்கட்டும். சுவரில் மாட்டும் படத்துக்குப் போடுங்கள். இதே எல்லைக்கோட்டை வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பும் தன் விதிகளில் வரைந்திருக்கிறது: படத்தில் புதிய தகவலைச் சேர்க்காதவரை நாய்ஸ் நீக்கலாம், ஏஐ கொண்டு பெரிதாக்கும் கருவிகளுக்கு அனுமதி இல்லை.

கல்லில்தான் எனக்கு அச்சம் அதிகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் ராஜேந்திரன் எடுப்பித்த கோயில் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் சண்டேச அனுக்கிரக மூர்த்தியை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கல்லுக்கு ஒரு பொரி உண்டு. உளியின் தடமும் காலத்தின் அரிப்பும் சேர்ந்த பொரி. நாய்ஸும் பொரிதான். இரண்டையும் பிரித்தறிய மென்பொருளுக்கு வழியில்லை. அது கல்லை வழவழவென்று பிளாஸ்டிக்காக்கும், அல்லது தனக்குத் தெரிந்த வேறு கல்லின் பொரியை அதன்மேல் போர்த்தும். நிழலில் உள்ள ஒரு கல்வெட்டின் தேய்ந்த எழுத்தை இப்படி ‘சுத்தம்’ செய்தால், படிப்பவர் படிப்பது சோழர் வெட்டியதையா, மென்பொருள் எழுதியதையா?

இதற்குப் பழைய, நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. கல் நகராது. தொல்லியல் துறையின் அனுமதியின்றி டிரைபாட் வைக்க முடியாது என்றாலும், தூணில் சாய்ந்து மூச்சடக்கி ஒரே காட்சியைப் பதினாறு முறை தொடர்ச்சியாக எடுக்கலாம். ஹ்யூஜின் போன்ற இலவச மென்பொருளில் பதினாறையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, போட்டோஷாப்பிலோ வேறொன்றிலோ சராசரி போட்டால் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகிவிடும். இதில் ஊகம் கிடையாது. மிஞ்சுவதெல்லாம் கல்லிலிருந்து வந்த வெளிச்சம். செல்போன்களின் நைட் மோடு செய்வதும் அடிப்படையில் இதையே.

காரையின் வறண்ட ஓடைகளிலும் வாரணவாசி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளிலும் இருக்கும் புதைபடிவங்களுக்கும் இதே முறைதான் பொருந்தும். இந்த நிலத்தின் கிரெட்டேசியஸ் காலப் படிவங்களை 19-ஆம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிஸ்காவும் ஆராய்ந்து எழுதியதால், ஊட்டத்தூர், அரியலூர் என்ற நம் ஊர்ப் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக நிற்கின்றன. அம்மோனைட்டின் இனத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது, அதன் படிவத்தில் இலை நரம்புபோல் வளைந்து வளைந்து போகும் மெல்லிய தையற்கோடு. அந்தக் கோட்டின் ஒரு வளைவை மென்பொருள் நேராக்கிவிட்டால் போதும், படம் ஆய்வுக்குப் பயன்படாது. சாத்தனூர்க் கல்மரத்துக்கும் அப்படியே.

முடிவாக என் பரிந்துரை இது. கல்யாணப் படத்துக்கு ஏஐ நீக்கத்தை அளவோடு தாராளமாகப் பயன்படுத்தலாம். பறவைக்குப் பின்னணியோடு நிறுத்தலாம். கல்லுக்கும் படிவத்துக்கும் கூடாது. பல பிரேம்களின் சராசரியே வழி. எதுவானாலும் ரா கோப்பை அழிக்காதீர்கள். 2010-ல் எடுத்து, அப்போதைய மென்பொருளில் கறைபடிந்து தெரிந்த ஒரு ரா கோப்பு, இன்று அதே எண்களிலிருந்து பல மடங்கு தெளிவாக வருகிறது. ஜேபெக்காக மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. கோயிலையோ படிவங்களையோ படமெடுத்து அருங்காட்சியகத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் தருகிற நண்பர்கள், ரா கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த மென்பொருளில் எந்த அளவுக்கு நாய்ஸ் நீக்கினீர்கள் என்று கூடவே ஒரு வரி எழுதி வையுங்கள்.